மூன்றாம் சரணத்தின் பொடி எழுத்து

ஒத்திகை முடிந்து சுரத் தாள்களைச் சேகரிக்கும்போதுதான் ஹெட்லி அதைப் பார்த்தார். கார்னெட் என்ற சின்ன எக்காளம் ஊதும் ரொட்டிக்கடை லோர்னாவின் தாளில், மூன்றாம் சரணத்தில், பொடிப்பொடியாகச் சில சுரங்கள். ஹெட்லி தன் பெரிய பித்தளைக் குழலான யூஃபோனியத்தில் தனியாக ஊதும் மெட்டு அது. அந்தப் பள்ளத்தாக்கின் பழைய கிறிஸ்துமஸ் பாட்டை ஏழு பேர் ஊதுவதற்காகப் பிரித்து எழுதியவள் அவர் மனைவி வின்னி. அந்தச் சரணத்தைக் கல்யாணமான வருஷம் அவருக்கென்றே எழுதினாள்.

யாராவது வராமல் போனால் பக்கத்திலிருப்பவர் ஈடுகட்டட்டும் என்று இப்படிப் பொடியாக எழுதி வைப்பது வழக்கம்தான். ஹெட்லி ஏழு தாளையும் புரட்டினார். வேறு யாருடைய பகுதிக்கும் அப்படி ஈடு எழுதியிருக்கவில்லை. அட, எழுதினதுதான் எழுதினாள், ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே!

"நான் செத்தா போயிட்டேன், வின்னி?"

"கத்தாதே. பல்செட்டு வச்ச வாய் உனக்கு. போன வருஷம் மேல் சுரம் பிசிறடிச்சப்போ ஊரே என்னைப் பார்த்துச்சு. நான் என் ஷூவைப் பார்த்துக்கிட்டு நின்னேன்."

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல. ஊதிக் காட்டுறேன்."

"ஊதேன், யாரு வேண்டாம்னா? உன் இடம் உனக்குத்தான். நீ நிறுத்தினாத்தான் அவ ஊதுவா."

அந்தச் சொல்லை நம்பி, மனுஷன் கரிக்கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊதினார். ஈறு புண்ணாகி ரத்தம் கசிந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊதினார். ஐந்தாம் நாள் சரணம் முழுவதும் பிசிறில்லாமல் வந்தது. பக்கத்து வீட்டு ஆர்தர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்னப்பா, பழைய பல்லு திரும்ப முளைச்சிடுச்சா?"

ஹெட்லிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. வின்னியிடம் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலை, சபை வாசலில் பனி. ஏழு பேரும் அரைவட்டமாக நின்றார்கள். ஆரம்பிக்கச் சொல்லி வின்னி கையசைத்தாள். இரண்டு சரணம் ஒழுங்காகப் போனது. கிளாரினெட்டுகள் தாழ்ந்த சுரத்தில் இழுத்தன. ஹெட்லி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து உதட்டைப் பொருத்தினார். வின்னியின் இடது கை அதற்குள் லோர்னாவின் பக்கம் நீண்டிருந்தது.

கார்னெட் ஒலித்தது. தடுமாற்றம் இல்லை. அவர் இல்லாதபோது பலமுறை பழகிய ஊதல் அது. மற்ற ஐந்து பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! இழுத்த மூச்சை எங்கே விடுவது என்று தெரியாமல் அவர் நின்றார்.

முடிந்ததும், சபைக்குள்ளிருந்தே கேட்ட போதகர் ஓடிவந்து ஹெட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அருமை, ஹெட்லி! அந்த மூணாவது சரணம், வழக்கம்போல அழவச்சிட்டீங்க."

"ரொம்ப நன்றி, போதகரே," என்று முந்திக்கொண்டு சொன்னாள் வின்னி.

போதகர் நகர்ந்ததும் தாள்களை அடுக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கு இப்படி நிக்கிற? நீ தடுமாறப் போறேன்னு உன் முகத்துலயே தெரிஞ்சுது."

"நீ என் முகத்தைப் பார்க்கவே இல்ல, வின்னி," என்றார் ஹெட்லி.