மாமாவின் தலை

வெள்ளிக்கிழமை மாமாவின் தலையை வெட்டுவதாக இருந்தது. சீரியல் தொடங்கிய நாளிலிருந்து அடுத்தவர் குடியைக் கெடுத்துக்கொண்டிருந்த வில்லனைச் சும்மா மாரடைப்பில் சாகவிட டைரக்டருக்கு மனசு வரவில்லை. கதாநாயகி அரிவாளை ஓங்க வேண்டும். அடுத்த ஷாட்டில் அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி வர வேண்டும். அந்தத் தலையைச் செய்து கொடுக்கும் வேலை சின்னவளுடையது.

வீட்டில் அவள் இளையவள் என்பதால் சின்னவள். கம்பெனியிலும் அதுவே ஒட்டிக்கொண்டு 'சின்னக்கா' ஆகிவிட்டது. நடிகர்கள் கையில் எடுக்கிற எல்லாச் சாமானும், கத்தி முதல் காபி டம்ளர் வரை, அவள் பொறுப்பு. வில்லனாக நடித்தவர் அவளுடைய அக்கா வீட்டுக்காரர். கடைத்தெருவில் அவரைப் பார்த்தால் பெண்கள் வாய்விட்டுச் சபிப்பார்கள். வீட்டில் கரப்பான் பூச்சியைப் பார்த்தால் அவர் நாற்காலி மேல் ஏறிக்கொள்வார்.

முதலில் அவள் செய்து கொடுத்த தலையை டைரக்டர் முடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். பலூன் மாதிரி ஆடியது.

"இது தலையா, பந்தா? மனுஷத் தலைன்னா தூக்கற கையைக் கீழ இழுக்கணும். பாக்கறவங்களுக்கு வயித்தைப் பிசையணும்" என்றவர், எல்லாரும் பார்க்க அதைச் சுவரில் அடித்தார். மூக்கு பிய்ந்து விழுந்தது.

சின்னவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமாவை உட்கார வைத்து முகம் முழுக்க அச்சு மாவை அப்பி, மூச்சுக்கு மூக்கில் மட்டும் ஓட்டை விட்டு, புதிதாக அச்செடுத்தாள். ரப்பரில் வார்த்தாள். உள்ளே ஒரு மரக்கட்டையை இறக்கி, கனத்துக்காக அதில் இரும்புத் துண்டுகளை அறைந்தாள். புருவ முடியை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி ஏற்றினாள். கழுத்துப் பக்கம் வெட்டுப்பட்ட சதை, அறுந்த குழாய், நடுவில் எலும்பின் வெள்ளை. கண்களைப் பாதி திறந்த மாதிரி வைத்தாள். சாகும்போது ஏதோ சொல்ல வந்து நின்றுபோன முகம் அது.

ஏதோ வேலையாகப் பட்டறைக்கு வந்த அக்கா அதை மேஜைமேல் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டி, நல்லா இருக்கற மனுஷனை இப்படிப் பண்ணி வச்சிருக்கியே, உனக்குக் கை எப்படிடி வந்துச்சு?"

மாமாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எனக்கப்புறம் இதையே வச்சுக்கோ. குறட்டை விடாது, எதிர்த்துப் பேசாது."

"வாயைக் கழுவுங்க" என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

புதன்கிழமை காலை வெளியூர் ஷூட்டிங்குக்குச் சாமான் வேன் கிளம்பியது. கம்பெனி கார் வரத் தாமதமாகும் என்றதும் மாமாவும் அதிலேயே ஏறிக்கொண்டார். முன்சீட்டில் டிரைவர், நடுவில் சின்னவள், ஓரத்தில் மாமா. பின்னால் சாமான்களோடு, மூடி போட்ட வெள்ளை வாளியில் தலை. பக்கத்தில் ஒரு கேன் நிறைய ரத்தம். பார்த்தால் நிஜத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு அவளே கலக்கியது.

பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு திருப்பம். சந்திலிருந்து ஒரு பைக் சடாரென்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கில் ஏறி நின்றும் பயனில்லை. வேனின் முனை இடித்து, பைக்கில் வந்தவன் ரோட்டில் விழுந்தான். அவன் கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பிக் கிடந்தது.

முதலில் குதித்து இறங்கியவர் மாமாதான். "தூக்குங்க, தூக்குங்க, நம்ம வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

கடைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ரோட்டோரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் கையில் வீல் ஸ்பேனரோடு அப்படியே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அடிபட்டவன் காலைக் கட்டினார். நல்ல வாட்டசாட்டமான ஆள், பதறாத கை. "மெதுவா, மெதுவா. காலை ஆட்டாதீங்க" என்று எல்லாரையும் ஏவினார். அவனைப் படுக்க வைக்க இடம் பார்க்கலாம் என்று வேனின் பின்கதவைத் திறந்தவரும் அவர்தான்.

பிரேக் போட்ட வேகத்தில் உள்ளே எல்லாம் புரண்டிருந்தது. கதவு திறந்ததும் ரத்தம் குபுகுபுவென்று வழிந்து அவர் காலில் கொட்டியது. பின்னாலேயே தலை உருண்டு வந்து தொப்பென்று ரோட்டில் விழுந்து, வானத்தைப் பார்த்தபடி நின்றது.

ஒரு பெண் அலறினாள். அந்த அலறலைக் கேட்டதும் டிரைவர் பயந்துபோய் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடினான். அவன் ஓடியதுதான் வினையாகப் போயிற்று.

"ஓடறான் பாரு! கொலை பண்ணிட்டு ஓடறான்!"

யாரோ ஹெல்மெட்டால் மாமாவின் வாயில் அடித்தான். அவர் தடுமாறிக் கீழே விழுமுன் இன்னொருவன் இடுப்பில் உதைத்தான். "அது நான்தாங்க" என்றார் மாமா, ரத்தத்தைத் துப்பிக்கொண்டு. அந்தத் தலை தன்னுடையது என்று சொல்ல நினைத்தார். "நான்தாங்க, நான்தாங்க அது!"

"நான்தான்னு அவனே ஒத்துக்கறான்டா!"

அதற்குப் பிறகு எத்தனை கை, எத்தனை கால் என்று சொல்ல முடியாது. கட்டையைக் கொண்டுவந்தான் ஒருவன். பெல்ட்டைக் கழற்றினான் ஒருவன். எதுவும் கிடைக்காத ஒருவன் செருப்பைக் கழற்றி அதன் விளிம்பால் அடித்தான். மாமா கைகளால் தலையை மூடிக்கொண்டு சுருண்டார். சுருண்ட முதுகில் விழுந்த ஒவ்வொரு அடியும் நெல்மூட்டையில் விழுவது போலக் கேட்டது.

சின்னவளின் கூந்தலைப் பிடித்து இரண்டு பேர் இழுத்தார்கள். முழங்கால் ரோட்டில் தேய்ந்து தோல் வழன்றது. "பொம்மைங்க! ரப்பர் பொம்மைங்க அது!" என்று அவள் கத்தினாள். ஓர் அறை விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. அவள் விடவில்லை. "அவர் முகத்தைப் பாருங்க! அதே முகம்தான் இது! தயவுசெஞ்சு பாருங்க!"

பஞ்சர்க்காரர் கையைக் காட்டிக் கூட்டத்தை நிறுத்தினார். குனிந்து மாமாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். ரோட்டில் கிடந்த முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த முகத்தைப் பார்த்தார். மாமாவின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு மூன்று மடங்காக வீங்கி, புருவம் பிளந்து, எங்கு பார்த்தாலும் ரத்தம். கீழே கிடந்த தலைதான் மாமா மாதிரி இருந்தது. மாமா அப்படி இல்லை.

"எங்கடி அதே முகம்?" என்று கேட்டுவிட்டு ஸ்பேனரை ஓங்கி இறக்கினார். அது மாமாவின் வலது கண்ணில் விழுந்தது. மாமா போட்ட சத்தத்தை அவள் அதுவரை எந்த நடிகர் வாயிலிருந்தும் கேட்டதில்லை.

ரப்பரை அறுத்துக் காட்டிவிட்டால் போதும் என்று அவளுக்குப் பட்டது. இடுப்புப் பையிலிருந்து பேனாக்கத்தியை உருவினாள்.

"கத்தி வச்சிருக்கா! கத்தி!"

கட்டை அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கத்தி எங்கோ போய் விழுந்தது. கை துவண்டு தொங்கியது. இனி என்ன இருக்கிறது அவளிடம்? தவழ்ந்து போய்த் தலைமேல் விழுந்தாள். அதன் காதை வாயில் கவ்விப் பல்லால் கடித்து இழுத்தாள். தான் செய்தது அவ்வளவு உறுதியாக இருக்கும் என்று அவளே நினைக்கவில்லை. நாய் உதறுவது போலத் தன் தலையை உதறி உதறி இழுத்ததில் காது பிய்ந்து வந்தது. அதை ரோட்டில் துப்பினாள்.

"ஐயோ, பொணத்தைத் தின்றாளே!" என்று கூட்டம் பின்வாங்கியது.

ஒரு பழக்கடைக்காரர் மட்டும் முன்னால் வந்து காதைக் காலால் நிமிண்டினார். எடுத்தார். இழுத்தார். அது நீண்டு, விட்டதும் சுருங்கியது.

"ரப்பருய்யா" என்றார் மெல்ல. "நெஜமாவே ரப்பரு."

"அட, இது சீரியல்ல வர்ற வில்லன் மூஞ்சிடா! எங்கம்மா தினம் திட்டுவாங்களே!"

யாரோ சிரித்தான். ஹெல்மெட்காரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நழுவினான். கட்டை வைத்திருந்தவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். இரண்டு மூன்று பேர் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

பஞ்சர்க்காரர் நின்ற இடத்தில் நின்றார். அவர் சட்டை முழுக்க ரத்தம். அதில் பாதி சின்னவள் கலக்கியது, பாதி மாமாவுடையது. சுற்றிலும் பார்த்தார். எல்லாக் கண்ணும் அவர் கையிலிருந்த ஸ்பேனரில்தான் இருந்தது.

"எங்களைப் பாத்தா கேணையன் மாதிரி தெரியுதா? ரப்பரை உருட்டிவிட்டு வேடிக்கை காட்டறீங்களா?" என்று கத்தியவர், விழுந்து கிடந்த மாமாவின் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று வைத்தார்.

சின்னவள் இடது கையால் தலையின் முடியைப் பிடித்தாள். எழுந்தாள். உடம்பு முழுவதையும் திருப்பி ஒரே வீச்சு. மரக்கட்டையும் இரும்பும் சேர்ந்த கனம் பஞ்சர்க்காரர் தாடையில் போய் இறங்கியது. பல் தெறித்தது. அவர் மரம் சாய்வது போலச் சாய்ந்தார். ஸ்பேனர் உருண்டு போனது. அவள் மறுபடியும் அடித்தாள். மறுபடியும். அவர் கையைத் தூக்கி "வேணாம்மா" என்றது அவளுக்குக் கேட்டது. கேட்டும் அடித்தாள். மாமாவைக் காப்பாற்றுவதற்காக அடிக்கவில்லை என்பது அந்த நேரத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் ஏதோ இளகி ஓடியது. நன்றாக இருந்தது.

மாமா ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைப் பிடித்தார். "சின்னவளே, போதும். செத்துடுவான். விடு."

போலீஸ் வந்தபோதுதான் பைக்கில் வந்தவன் நினைவு எல்லாருக்கும் வந்தது. இவ்வளவு நேரமும் அவன் முறிந்த காலோடு வேன் சக்கரத்தோரம் கிடந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் மாமாவின் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். சின்னவளின் மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். அக்கா வந்து மாமாவின் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை.

"அடிச்சவன் எங்க?"

"பக்கத்து வார்டுல."

அக்கா மேஜையில் இருந்த கண்ணாடிக் குடுவையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சின்னவளால் எழுந்து தடுக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் குடுவை உடையாமல் கையிலேயே இருக்கத் திரும்பி வந்தாள்.

"அவன் பொண்டாட்டி ஸ்ட்ராவை வாயில வச்சுப் பால் குடுத்துக்கிட்டிருக்கா. தாடையே இல்ல அவனுக்கு" என்றாள். "நீயா?"

"ஆமாக்கா."

"நல்லா பண்ணின" என்றாள் அக்கா. அப்புறம்தான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் டைரக்டர் சின்னவளுக்குப் போன் செய்தார். மாமா எப்படி இருக்கிறார் என்று முறையாக விசாரித்துவிட்டு, "அந்தத் தலை ஷூட்டிங்குக்கு ஆகுமா, இல்ல காது ஒட்டணுமா?" என்றார். அக்கா போனைப் பிடுங்கி அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். வில்லனை வேறு ஒரு விபத்தில் கொன்றுவிட்டு சீரியல் தன் பாட்டுக்குப் போனது.

பஞ்சர்க்காரருக்கு ஓரளவு பேச வந்தபின் இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு விட்டார். சமாதானமாகப் போனால் நல்லது என்பது அவர் எண்ணம். பஞ்சர்க்காரர் பாதி உடம்பாகியிருந்தார். கம்பி கட்டிய தாடைக்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன.

"கண்ணுல அடிச்சது தெரியாம அடிச்சது. அதுக்கு உங்க கால்ல விழறேன். அப்புறம் ரெண்டு அடிச்சேனே, அது தெரிஞ்சே அடிச்சது. அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல."

மாமா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "கேஸ் நடக்கட்டும் சார்" என்றார்.

"நடந்தா உங்க மச்சினிச்சி மேலயும் நடக்கும். விழுந்து கெடந்தவனை அடிச்சதை ஊரே வீடியோ எடுத்து வச்சிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

மாமா பதறித் திரும்பி, மிச்சமிருந்த கண்ணால் அவளைப் பார்த்தார். வேண்டாம், விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"நடக்கட்டும் சார்" என்றாள் சின்னவள். "நானும் தெரிஞ்சேதான் அடிச்சேன்."

பஞ்சர்க்காரருக்கும் கட்டைக்காரனுக்கும் சில வருஷம் ஜெயில் கிடைத்தது. சின்னவளுக்குக் கிடைத்தது சில மாதம். அக்கா தவறாமல் பார்க்க வந்தாள், ஒவ்வொரு தடவையும் ஜட்ஜைத் திட்டினாள். மாமா ஒரு தடவைதான் வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முன்னைவிட அதிகமாக வில்லன் வாய்ப்பு வருகிறது, முகத்தைப் பார்த்தாலே குழந்தைகள் அழுகின்றன என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கம்பிக்கு அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உள்ள உன்னை யாராவது அடிக்கறாங்களாம்மா?"

"இல்ல மாமா."

"நீ யாரையாவது?"

அவள் விரல் மடங்காத வலது கையை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒரு தரம் கை ஓங்கிட்டேன்" என்றாள். "அடிக்கல."

மாமா தலையாட்டினார். நேரம் முடிந்ததென்று காவலர் சொல்லும்வரை இருவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.