சதுப்போரத்தில் ஐலா

வடக்கே பனிக்காட்டு ஊரான எங்கள் கோர்ப்பியில், பக்கவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையை விட்டு எழாத ஐலா சல்மெலா, ஓர் அக்டோபர் விடியலில் சதுப்புக்காட்டு ஓரமாக மான்களோடு நின்றுகொண்டிருந்தாள். அதைப் படம் எடுத்தது மனிதர் யாருமில்லை. அவள் புருஷன் வெய்க்கோ ஹெம்லாக் மரத்தில் பட்டை போட்டுக் கட்டிவைத்த கேமரா. சூடுள்ள உடம்பு எது எதிரே அசைந்தாலும் தானாகப் படம் பிடித்துக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. கோர்ப்பியில் கேமரா கட்டாத வீடு கிடையாது. நவம்பரில் வேட்டை தொடங்குமுன் எந்தக் கொம்பன்மான் எந்த வழியில் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லோரும் கட்டுவார்கள். வெய்க்கோவுக்கு அந்தக் காரணமும் இல்லை. ஐலா விழுந்த நாளிலிருந்து அவன் துப்பாக்கியைத் தொடவில்லை. படங்களை எடுத்துவந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுவான். அவளுக்குப் பேச்சு போயிருந்தது. வலக்கை நெஞ்சருகே இறுக மூடிக் கிடந்தது. கண்கள் மட்டும் மானின் பின்னால் போகும்.

அன்று மெமரி கார்டில் முதலில் ஒரு நரி வந்தது, பிறகு மழை, பிறகு ஐலா. நீலப்பூ போட்ட படுக்கையங்கி, வெறுங்கால், ஒரு பெண்மானின் கழுத்தில் சாய்த்த கை. இரண்டு காலிலும் நேராக நின்றாள். வெய்க்கோவின் கையிலிருந்த காப்பி அவன் காலிலேயே கொட்டியது. கொப்புளம் போட்டிருப்பதைச் சாயங்காலம் நர்ஸ் டார்லீன் சொல்லித்தான் கவனித்தான். அறைக்குள் ஓடிப்போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தான். குச்சியாகிப்போன அதே கால்கள். குழந்தையின் பாதம்போல மெத்தென்ற அதே பாதங்கள். படம் பதிவான நேரத்தில் அவன் அவளுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். பாதி கஞ்சி தாடையில் வழிந்து, அவன்தான் துடைத்தான். போர்வையை மூடிவிட்டு எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினான்.

ஐலாவின் தம்பி ஆர்னே வீடு அது. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன்.

“என்ன மச்சான், கண்ணு போனது உனக்கா, கேமராவுக்கா?” என்று சொல்லிக்கொண்டே படத்தின் மேல் குனிந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. தொப்பியைக் கழற்றினான். “அக்காதான். காதோரத்துல தழும்பு தெரியுது பாரு. சின்ன வயசுல பனிவண்டிய விட்டு நான் இடிச்சது.”

அதன்பிறகு மழை இல்லாத விடியலெல்லாம் அவள் படத்தில் இருந்தாள். ஊர் சாவு வீட்டுக்கு வருவதுபோலக் கையில் இறைச்சி அப்பங்களோடு வந்து பார்த்தது. பாதிரியார் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். குடித்தார். ஜெபம் சொல்ல மறந்து கிளம்பிவிட்டார். வனக்காவலர் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். “உன் பொண்டாட்டி விஷயத்துல எனக்கு ஒண்ணும் சட்டம் இல்ல, வெய்க்கோ. மானுக்குத் தீனி கீனி போடுறியா, அத மட்டும் சொல்லு” என்றார்.

வேட்டை நாள் நெருங்கியது. மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமலிருக்க வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேல்சட்டையைத் தினமும் சாயங்காலம் வெய்க்கோ ஐலாவுக்கு மாட்டிவிட்டான். விடியலில் படத்தில் இருந்த ஐலாவும் ஆரஞ்சு போட்டிருந்தாள். அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்? ஆர்னேயிடம் போய், இந்த வருடம் சதுப்போரத்தில் மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில் ஏறாதே என்று கேட்டான்.

“வருசா வருசம் உக்காந்த பரண் மச்சான் அது. ஆரஞ்சு போட்டிருக்கால்ல, நான் என்ன குருடனா?”

“அவ போட்டிருக்கா. அவகூட நிக்குறதுங்க போடலியே.”

இருந்தும் வேட்டையின் முதல் நாள் விடியலில் ஆர்னே பரணில் ஏறினான். கொழுத்த பெண்மான் ஒன்று தனியாக வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு ஒருவரும் இல்லை என்று பிறகு அவன் சத்தியம் செய்தான். சுட்டான். மான் துள்ளி மறைந்தது. பனியில் ஒரு சொட்டு ரத்தமில்லை, ஒரு முடி இல்லை.

அந்நேரம் வெய்க்கோ ஈரத்துணியால் ஐலாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெடிச்சத்தம் கேட்டதும் அவள் உடம்பு கட்டிலில் ஒருமுறை தூக்கிப் போட்டது. அவன் அலறியபடி போர்வையை, சட்டையை, தலையணையை எல்லாம் இழுத்தெறிந்து ரத்தத்தைத் தேடினான். ரத்தம் எங்குமில்லை. டார்லீன் எண்ணெய் தடவித் தடவித் திறக்க முடியாமல் விட்ட அந்த வலக்கை மெல்லப் பிரிந்தது. உள்ளே ஒரு தோட்டா. வெய்க்கோ தொட்டுவிட்டுக் கையை உதறினான். அத்தனை சூடு. அவள் உள்ளங்கை சிவந்து பொரிந்திருந்தது.

“ஆர்னேகிட்ட சொல்லு,” என்றாள் ஐலா. நாலு வருடம் பூட்டிக் கிடந்த குரல், கதவு கிரீச்சிடுவதுபோல வந்தது. “அவன் துப்பாக்கி இன்னும் குண்ட இடப்பக்கமாத்தான் இழுக்குது.”

வெய்க்கோ பனியன் மட்டும் போட்டபடி பனியில் இறங்கி ஓடினான். பாதி வழியில் ஆர்னே எதிரே வந்துகொண்டிருந்தான். இருவரும் போய்க் கார்டை எடுத்து வந்தார்கள். கடைசிப் படத்தில் மானுக்கு முன்னால் ஐலா, பந்து பிடிப்பவள்போல வலக்கையை நீட்டிக்கொண்டு. ஆர்னே வாசற்படியில் வாந்தி எடுத்தான். பிறகு உள்ளே போய்க் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

“அக்கா, நீ அங்க இல்லவே இல்ல. சத்தியமா இல்லக்கா.”

“மூக்கத் துடைடா,” என்றாள் ஐலா.

டாக்டர் வலக்கையை எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒரு கீறலும் இல்லாததைப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தார். மூன்றாவது முறை வேண்டாம் என்று ஐலாவே சொல்லிவிட்டாள். கால்கள் வரவேயில்லை. பேச்சு மட்டும் நிலைத்தது. அந்த வாரமே ஆர்னே பரணைப் பிரித்து, பலகைகளைச் சௌனா என்கிற நீராவிக் குளியல் கொட்டகையின் அடுப்பில் போட்டு எரித்தான். யாரும் தடை போடவில்லை, ஆனாலும் மறுவருடம் சதுப்பின் பக்கம் ஒரு துப்பாக்கியும் போகவில்லை. எங்கள் ஊர் இப்போது வேட்டைக்கு ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போகிறது. கஞ்சி குடிக்கும்போது ஐலா எந்த மான் நொண்டுகிறது, எந்தக் குட்டி ஓநாய்க்குத் தப்பியது என்று சொல்வாள். கடையில் பால் வாங்கும்போது நாங்கள் அதை வெய்க்கோவிடம் கேட்டுக்கொள்வோம், வானிலை கேட்பதுபோல.

இப்படியே வருடங்கள் போயின. ஒரு ஜனவரியில் வெய்க்கோ என்றுமில்லாமல் அயர்ந்து தூங்கிப் பொழுது விடிந்தபின் எழுந்தான். காட்டுக்குப் போய்க் கார்டை எடுத்துவந்து கணினியில் செருகினான். படத்தில் ஐலாவுக்குச் சற்றுத் தள்ளி, நீண்ட உள்ளாடையோடு, தலை கலைந்து, அவனே நின்றுகொண்டிருந்தான். மான்கள் எல்லாம் காதை விறைத்துக்கொண்டு எட்டி நின்றன. ஐலா அவனைக் கைகாட்டி அவற்றிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். படத்தை அப்படியே விட்டுவிட்டு வெய்க்கோ அறைக்குள் போனான்.

“அதுங்ககிட்ட என்ன சொல்லிட்டிருந்த?”

“உன்னப் பத்தித்தான்.”

“என்னன்னு?”

“குறட்டை விடுவான், மத்தபடி தங்கமான மனுசன்னு.”

மான்கள் லேசில் நம்பவில்லை. பிப்ரவரி முழுக்க அவன் படத்தின் ஓரத்தில் தனியாகவே நின்றான். மார்ச்சில் பனி இளகியபோது ஒரு கிழப் பெண்மான் வந்து அவன் கைமுட்டியை முகர்ந்து பார்த்தது. அதன்பிறகு மான்கள் அவனையும் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டன.