வெயில் விழுகிற பக்கம்

"சாயங்கால வெயிலு இங்க எந்தப் பக்கம் விழும், தங்கச்சி?"

அண்ணனோடு வந்திருந்த சூசையப்பன் இப்படிக் கேட்டபோது மருதாத்தாள் முதலில் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். வேறு யாரிடமோ கேட்கிறான் என்று நினைத்தாள். பின்னால் மாட்டுக்கொட்டகையின் சுவரும் அதில் தட்டியிருந்த வறட்டியும்தான் இருந்தன.

அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வேலை சொல்வார்கள், அவள் செய்வாள். கேரள எல்லைக்குள் இருந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிட்டு எல்லோரையும் மலையாள வகுப்பில் உட்கார வைத்த வருஷம், ஸார் கேட்ட கேள்விக்கு எழுந்து நின்றவள் அடுத்த மணி அடிக்கும் வரை வாய் திறக்காமல் நின்றாள். விடை தெரியும். எந்தப் பாஷையில் தொடங்குவது என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து போகவில்லை. வீட்டில் யாரும் போ என்றும் சொல்லவில்லை.

"மேக்கால இருந்துதானுங்க விழும்," என்றாள் இப்போது. "செவுத்துப் பக்கம் வெயிலே எட்டாதுங்க. இந்தப் பக்கம் முச்சூடும் விழும்."

"அப்படியா," என்று அவன் சுவரையும் மேற்கையும் பார்த்தான். அவள் சொன்னதை ஒருவன் காது கொடுத்துக் கேட்டு, அதை வைத்து யோசிக்கவும் செய்தான். அன்றைக்கு அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மாட்டுவண்டியில் இருந்து இறக்கக் காத்திருந்தது இரும்பு. அடிக்கட்டை, நடுத்தூண், மேசை என்று மூன்று வார்ப்புகள். அவளுடைய அண்ணன் கந்தப்பன் கோயமுத்தூரில் ஒரு பம்புப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அங்கே ஒரு மில்லிங் மெஷின் இருந்தது. இரும்பில் பள்ளம் வெட்டவும் பல்சக்கரத்துக்குப் பல் எடுக்கவும் அதுதான் வேண்டும். மற்றவர்கள் சோறு உண்ணப் போகும் நேரத்தில் அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து அளவெடுத்து, அதையே சிறிதாக்கி வரைந்து, லீவு நாட்களில் உட்கார்ந்து தேக்கில் அச்சுச் செய்தான். மர அச்சை மண்ணில் பதித்து, பதிந்த குழியில் உருக்கிய இரும்பை ஊற்றித் தந்தவன் சூசையப்பன். இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, கொழுந்து கிள்ளும் அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு, இரும்பு வார்க்கும் கோயமுத்தூர் பவுண்டரி ஒன்றில் மண் வேலைக்கு வந்து சேர்ந்தவன். முதலாளியின் பம்புகளுக்கு ஊற்றியது போக உலையில் மிஞ்சிய இரும்பை அவருக்குத் தெரியாமல் நண்பனுக்காக ஊற்றியிருந்தான்.

"மெஷின் நின்னு ஓட ஆரம்பிச்சுருச்சுன்னா நீயும் நானும் பாதிப்பாதி," என்று கந்தப்பன் அவனிடம் சொல்லியிருந்தான்.

அப்பா குப்பண்ணனுக்கு மில்லிங் என்பதில் முதல் பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. "என்ற மவன் மில்லு வெக்கறான்," என்று வேலந்தாவளம் மாட்டுச் சந்தை வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பழனாத்தாள் சோளம் அரைப்பார்களா, நெல் மட்டும்தானா என்று கேட்டு விட்டுப் போனாள். இது இரும்பைச் சீவுகிற மெஷின் என்று கந்தப்பன் எடுத்துச் சொன்னதும் அப்பாவின் முகம் கொஞ்ச நேரம் தொங்கிப் போயிற்று. பிறகு, "செரி, சீவு. அடுத்த ஐப்பசிக்குள்ள அது நின்னு ஓடோணும். ஓடலைன்னா பட்டறைக் கதையெல்லாம் மூட்டை கட்டி வெச்சுப்போட்டு வந்து ஏரப் புடி," என்றார். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு.

மூன்று ஆண்களும் வண்டிக்காரனும் சேர்ந்து கடப்பாரை போட்டு நடுத்தூணை இறக்கினார்கள். சூசையப்பன் அதன் முகத்தைச் சுவருக்குத் திருப்பினான். மேசை ஏறி இறங்க வேண்டிய தட்டையான பக்கத்துக்குத்தான் முகம் என்று பேர். மெஷினின் உயிரே அதில் இருக்கிறது.

"மொகத்த எதுக்குச் செவுத்துக்கு வெக்கற?" என்றான் கந்தப்பன்.

"மாடு கட்டுற எடம்லா. கொம்பக் கொண்டு உரசிருச்சுன்னா?"

"எம்மாடு இரும்பயா முட்டுது?" என்று அப்பா சிரித்தார். "அதுக்கு உன்னயாட்டப் பொழப்பில்லாமப் போச்சா?"

சாப்பிடும்போது கந்தப்பன் தங்கைக்கு விவரம் சொன்னான். ஊற்றிய இரும்புக்குள் இன்னும் கோபம் இருக்கும். உடனே சீவினால் கொஞ்ச நாளில் வளைந்துகொள்ளும். வெயிலிலும் பனியிலும் கிடந்து அது அடங்க வேண்டும். சித்திரை முடிய இங்கேயே கிடக்கட்டும். பட்டறையில் இழைக்கிற மெஷினை வைகாசியில் விற்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் இந்த முகத்தை இழைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்திருக்கிறார்.

"நீ பாத்துக்க மருதா. மேல துணிமணி காயப்போடக் கூடாது. வெயிலு படோணும்."

"செரீங்கண்ணா."

"நம்ம வார்ப்பு நல்ல வார்ப்பு. சில பவுண்டரில என்ன பண்ணுவாங்க தெரியுமா? ஊத்தறப்ப காத்து மாட்டி உள்ள ஓட்டை விழுந்துரும். மெழுகையும் குங்கிலியத்தையும் இரும்புத் தூளையும் உருக்கி அதுல அடைச்சு, மேல கரியத் தேச்சு அனுப்பிப்போடுவாங்க. அதுக்கு மருந்துன்னு பேரு. சீவறப்பத்தான் வெளிச்சத்துக்கு வரும். நம்ம சூசை அதெல்லாம் செய்யமாட்டான், அதான் அவனப் புடிச்சேன்."

சூசையப்பன் தலை தூக்கவில்லை. "ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்து தங்கச்சி," என்றான். இலையில் முன்பு ஊற்றிய ரசமே இன்னும் இருந்தது.

தை பிறந்ததும் உலைக்கு வேண்டிய கோக் கரி கிடைக்கவில்லை என்று அந்த பவுண்டரியைச் சாத்தினார்கள். உலை பற்றவைக்கக் கிடந்த மரத்தோடு மரமாகக் கந்தப்பனின் தேக்கு அச்சுகளும் போய்விட்டன. செய்தி கேட்டுக் கந்தப்பன் ஒரு வேளைச் சோறு உண்ணவில்லை. பிறகு அவனே சொல்லிக்கொண்டான்: "போனாப் போகுது. வார்ப்பு வந்துருச்சல்ல. அச்சு இனி எதுக்கு?"

மருதாத்தாள் தினமும் சாணி எடுக்கப் போகையில் இரும்பைப் பார்த்தாள். முதலில் கறுப்பாக இருந்தது காவியானது. பனிக்காலத்துக் காலையில் அதன் மேல் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற நாட்களில் மண் வந்து படியும். வேலை செய்யச் செய்ய அந்தக் கேள்வி அவளுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. வெயில் எந்தப் பக்கம் விழும், தங்கச்சி? கேட்டுவிட்டு அவன் காத்து நின்றதையும் நினைத்துக்கொள்வாள். அதில் ஆசை என்று எதுவும் இல்லை. தன்னிடம் விடை ஒன்று இருக்கும் என்று ஒருவன் நம்பியிருக்கிறான், அவ்வளவுதான்.

பங்குனி நோன்புக்கு வந்த கந்தப்பன் நடுத்தூணைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஒரே பக்கம் வெயிலு பட்டா எப்பிடி? திருப்பிப் போடோணுங்கப்பா."

"என்னடா, அப்பளமா திருப்பித் திருப்பிப் போட?"

"கொப்பரை காயப்போட்டாத் திருப்ப மாட்டீங்களா? அப்பிடித்தான் இதும்."

கொப்பரை என்றதும் அப்பாவுக்கு நியாயம் புரிந்துவிட்டது. பண்ணையத்து ஆட்களைக் கூப்பிட்டுக் கடப்பாரை போட்டார்கள். முகம் மேற்கே திரும்பியது. கந்தப்பன் அதைக் கையால் தடவிப் பார்த்து, "பாரு மருதா, ஒரு சொத்தை இருக்குதா?" என்றான். இல்லை. வெயில் எட்டாமல் கிடந்ததில் வழவழவென்று ஒரே கறுப்பு.

சித்திரை வெயில் அந்த வருஷம் ஆளைத் தின்றது. கிணற்றில் தண்ணீர் கால் நனையும் அளவுக்குக் குறைந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மாட்டை அவிழ்க்கப் போன மருதாத்தாள், நடுத்தூணின் முகத்தில் கண்மை கரைந்து வழிவதைப் போல ஒரு கறுப்புக் கோட்டைக் கண்டாள். காக்காய் எச்சம் என்று நினைத்து விரலால் துடைத்தாள். விரல் ஒட்டியது. மோந்து பார்த்தாள். கோயிலில் புகை போடுகிற குங்கிலிய வாசனையும் அதற்கு அடியில் தேனடை வாசனையும் வந்தன.

கோடு தொடங்கிய இடத்தில் இரும்பு மெத்தென்று இருந்தது. விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவி அங்கே வைத்து அழுத்தினாள். அது உள்ளே போயிற்று. இன்னும் அழுத்தினாள், இன்னும் போயிற்று. எவ்வளவு தூரம் போகிறது என்று தெரிந்துகொள்ளப் பயந்து உருவி எறிந்தாள். பிதுங்கி வந்த மெழுகைக் கட்டைவிரலால் உள்ளே தள்ளி அழுத்தி, அடுப்புக்கரி கொண்டுவந்து பூசினாள். பூசி முடித்த பிறகுதான் அவன் கேட்ட கேள்வி என்ன என்று அவளுக்கு விளங்கியது.

வெயில் எந்தப் பக்கம் விழும் என்று அவன் கேட்டது வெயில் விழாத பக்கத்தைத் தெரிந்துகொள்ளத்தான். அவளும் சுவரைக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும். திருட்டுத்தனமாக ஊற்றிய இரும்பு அது, இன்னொரு தரம் ஊற்ற வழியில்லை. நண்பனிடம் போய் ஓட்டை விழுந்துவிட்டது என்று சொல்ல வாய் வந்திருக்காது. மேலோடு போகிற ஓட்டையாக இருக்கும், சீவும்போது சரியாகிவிடும் என்று அவனும் நம்பியிருப்பான். இப்போது அவளும் அதையேதான் நம்ப வேண்டியிருந்தது. அண்ணனிடம் சொன்னால் அச்சு திரும்பி வருமா, பவுண்டரி திறக்குமா?

மறுநாள் மெழுகு இளகாதபடி நடுத்தூணின் மேல் ஈரச்சாக்கு ஒன்றைப் போர்த்தினாள். கிணற்றில் இல்லாத தண்ணீரைக் குடத்தில் சேந்தி வந்து சாக்கை நனைத்தாள். அது காயக் காய மறுபடி நனைத்தாள்.

பழனாத்தாள் வேலியோரம் நின்று பார்த்தாள். "ஏம்புள்ள, உங்க மில்லுக்கு அம்மை போட்டுருச்சா? வேப்பந்தழை சொருகலியா?"

மருதாத்தாள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

வைகாசி பிறக்கும் முன்னே கந்தப்பன் வண்டியோடு வந்துவிட்டான். கூடவே சூசையப்பனும் வந்தான். வேலை இல்லாமல் ஆள் இளைத்திருந்தான். தோளில் கயிற்றுச் சுருள் இருந்தது. கந்தப்பன் வரும்போதே பேசிக்கொண்டு வந்தான், முகத்தை இழைத்ததும் மேசைக்குப் போகலாம், ஆடியில் மெஷினைப் பூட்டி ஓட்டிவிடலாம், முதல் பல்சக்கரத்தை அப்பாவிடம் கொடுத்துச் சந்தையில் காட்டச் சொல்ல வேண்டும் என்று. கொட்டகைக்கு வந்ததும் நின்றான்.

"இதென்ன சாக்கு?"

மருதாத்தாள் கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள்.

"வெயிலு படோணும்னு சொன்னனல்ல மருதா. ஈரம் வேற. துரு ஏறாதா?" என்று சாக்கை உருவினான்.

பூசிய கரியெல்லாம் ஈரத்தில் சாக்கோடு வந்துவிட்டது. முகத்தின் நட்ட நடுவில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மெழுகு மினுங்கியது. அதன் மேல் ஒரு கட்டைவிரலின் ரேகை, சுழி சுழியாக, அழியாமல் பதிந்திருந்தது. சின்னக் கையுடையது.

கந்தப்பன் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே கிடந்த ஈர்க்கு ஒன்றை எடுத்து ரேகையின் நடுவில் குத்தினான். ஈர்க்கு போய்க்கொண்டே இருந்தது. பிடித்திருந்த விரல் இரும்பில் முட்டும் வரை போயிற்று. கையை எடுத்தான். ஈர்க்கு வெளியே தெரியவே இல்லை.

அப்பா மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். "என்ன, ஓட்டையா? சிமிட்டி வெச்சு அடைச்சா ஆவாதா?"

"ஆவாதுங்கப்பா."

"வெல்டிங் வெப்பாங்களே."

"வெச்சா அந்த எடம் கல்லாட்ட ஆயிருமுங்க. உளி ஏறாது. பக்கத்துல விரிசல் ஓடும்." கந்தப்பன் இதையெல்லாம் கணக்குப் பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னான். "இது இனி ஒண்ணுக்கும் ஆவாதுங்க."

அப்பா ஏதோ சொல்ல வந்தார். ஐப்பசி என்று சொல்லத்தான் வந்திருப்பார். மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டின் கழுத்துக் கயிற்றை மறுபடி அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கந்தப்பன் தங்கையின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் கறுப்பு இன்னும் போகாமல் இருந்தது. அவன் திட்டவில்லை. கையை விட்டுவிட்டான்.

"சொல்லியிருக்கலாமல்ல," என்றான். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

சூசையப்பன் வண்டிச் சக்கரத்தோரம் நின்றிருந்தான். அவன் ஓட்டையைப் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். தரையில் கிடந்த ஈரச்சாக்கைப் பார்த்தான், பக்கத்தில் காலியாகக் கிடந்த குடத்தைப் பார்த்தான், கடைசியாக மருதாத்தாளைப் பார்த்தான். அவளுக்கு அவனிடம் கேட்க ஒன்று இருந்தது. வகுப்பில் நின்றதைப் போலவே நின்றாள்.

அவன் தோளில் இருந்த கயிற்றுச் சுருளை எடுத்து வண்டியின் மேல் வைத்தான். நழுவாமல் இருக்க ஒரு நுனியை முளையில் சுற்றினான். வேலிப்படலைத் திறந்து, வெளியே போய், மாடு வந்துவிடாதபடி திரும்ப அதைச் சாத்தினான். கோயமுத்தூர் பஸ் வரும் கிழக்குப் பக்கம் அவன் போகவில்லை. சாயங்கால வெயில் நேராக முகத்தில் அடிக்க, மேற்கே வாய்க்கால் வரப்பில் நடந்தான். பழனாத்தாள் எங்கேயோ இருந்து, "ஏப்பா, வந்ததும் பொறப்பட்டாச்சா? காப்பித் தண்ணி குடிக்கலியா?" என்று கேட்டது இங்கே வரைக்கும் கேட்டது.