இரும்பு ஆகாத வீடு

பூமியின் காந்தத்தை அளப்பதற்கென்று அந்தக்கால வெள்ளைக்காரர் மெல்பேர்னில் கட்டிய மரவீடு அது. காந்தமுள் குழம்பக்கூடாதென்று ஆணிகூடச் செம்பில்தான் அடித்திருந்தார்கள். இப்போது அதைத் திருத்தத் தச்சன் ஒருவன் தேவைப்பட்டான். இலங்கையிலிருந்து படகில் வந்த ஜெயதீபன் தச்சன். இந்த வேலை கிடைத்தால் நோபல் பார்க்கில் தான் படுத்தெழும்பும் கதிர்காமநாதனின் கார்க் கராஜை விட்டு ஓர் அறைக்குப் போகலாம்.

மொழிபெயர்க்க வந்த கதிர்காமநாதன் எண்பத்துநாலிலேயே நாட்டை விட்டவர். தன் தமிழில் அவருக்கு அபார நம்பிக்கை.

வாசலில் மனேஜர் ஒரு தட்டை நீட்டினார். இருவரின் பெல்ட், வீட்டுத் திறப்பு, மணிக்கூடு எல்லாம் அதில் விழுந்தன.

"அங்கிள், என்ர காலுக்க பீஸ் இருக்கெண்டு சொல்லுங்கோ."

கதிர்காமநாதன் உருகிப்போனார். "இங்கே கால் வைத்ததுமே மனம் அமைதியாகிவிட்டதாம்," என்று ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டார். மனேஜர் நெஞ்சில் கைவைத்தார்.

உள்ளே மேசையில் அந்தக்காலக் காந்தமுள் இருந்தது. ஜெயதீபன் கிட்டப் போனதும் முள் நடுங்கியது. பிறகு அவன் தொடைப்பக்கம் திரும்பி நின்றது.

"கத்தி ஒளித்திருக்கிறானா?" மனேஜர் அவன் பொக்கெற்றைத் தடவத் தொடங்கினார்.

"என்ன தம்பி வைச்சிருக்கிறாய்?"

"அதுதானே சொன்னனான்! செல் பீஸ். கடைசிச் சண்டையில பட்டது. நீங்கள் என்னத்தைச் சொன்னனீங்கள்?"

வன்னிச் சனம் பீரங்கி ஷெல் துண்டைப் பீஸ் என்பது, தமிழ்விழாதோறும் வரவேற்புரை வாசிக்கிற மனிதருக்குத் தெரிந்திருக்கவில்லை. விஷயத்தை விளக்கினார். மனேஜர் வருந்துவார் என்று பார்த்தால், "அற்புதம்!" என்று துள்ளினார். பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டார். ஜெயதீபன் முன்னுக்கு வர முள் ஆடியது, பின்னுக்குப் போக அடங்கியது. போன்கள் படம் பிடித்தன. ஒரு பெண் கால்சட்டையை மடித்துக் காட்டச் சொன்னாள். முதல்முறை முள் ஆடியபோது தானும் குனிந்து ரசித்த கதிர்காமநாதன் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தச்சுவேலைக்குச் சரிவராது," என்றார் மனேஜர். "ஞாயிறுகளில் வந்து முள்ளுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கூட்டம் அள்ளும்."

இதையும் கதிர்காமநாதன்தான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. ஊத்தைத் துணியைக் கடித்ததுபோல் இருந்தது வாய்.

ஜெயதீபன் மனேஜரின் தொந்தியைப் பார்த்தான். "அப்ப அவரையும் சேட்டைக் கழட்டிப்போட்டுப் பக்கத்தில நிக்கச் சொல்லுங்கோ. அந்த வண்டியையும் சனம் பாக்கட்டும்."

"அப்பிடியே சொல்லவோ?"

"ஓம். இந்தமுறையாவது சரியாச் சொல்லுங்கோ."

பெல்ட் இல்லாத கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி, ஒரு சொல்லும் விடாமல் கதிர்காமநாதன் சொன்னார். மனேஜரின் முகம் பீற்றூட்டாய்ச் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலையும் அத்தோடு போயிற்று.

வெளியே வந்து கதிர்காமநாதன் புல்லில் காறித் துப்பினார். துப்பியும் போகவில்லை.

"அங்கிள், அப்ப கராஜில இன்னும் கொஞ்சநாள் இருப்பனே."

"இருந்து துலை," என்றார் அவர்.