காய்ச்சல் வரவேண்டிய நாள்

ஜூனியா கப்பலை விட்டு இறங்கி நேரே ஹோட்டலுக்குத்தான் போனாள். கூடையில் தோட்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், இலையில் பொதிந்து சுட்ட மரவள்ளி அடையும் இருந்தன. கேட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட இரண்டு தடியர்கள் நின்றார்கள். ஒருவன் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினான்.

"உள்ள போன் ஏதாச்சும் ஒளிச்சு வச்சிருக்கியா அக்கா?"

"கிழங்கோட போனும் விளையற மண்ணு உங்க தீவுலதான் இருக்கும்போல தம்பி. எங்க இசபெல் தீவுல வெறும் கிழங்குதான்."

அவன் சிரித்தான். ஆனாலும் அவள் போனை வாங்கி ஒரு வாளிக்குள் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டான்.

பிரதமர் சர் வில்பிரெட் கெரோவா மீது வியாழக்கிழமை நம்பிக்கையில்லாத் தீர்மானம். அதுவரை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எல்லோரும் இந்த ஹோட்டலில் அடைந்து கிடந்தார்கள். சாலமன் தீவுகளின் தலைநகர் ஹொனியாராவில் இது வழக்கந்தான். சனங்கள் ஓட்டுப் போடுவதோடு சரி, அரசாங்கங்கள் பிறப்பதும் சாவதும் ஹோட்டல் அறைகளில். வெளியே விட்டால் யாரையாவது விலைக்கு வாங்கிவிடுவார்கள் என்று பயம். உள்ளே இருந்தாலும் அந்தப் பயம் போகவில்லை. கழிப்பறைக்குப் போவதென்றாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் போனார்கள். ஒருவர் இருமினால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூனியாவின் கணவன், இசபெல் தீவின் உறுப்பினர் கிளமென்ட் போன மாதம்வரை பிரதமரின் பக்கத்தில் இருந்தவன். தீவுகளின் மருத்துவ நிலையங்களுக்கென்று நோயாளிகளை ஏற்றிச்செல்லும் படகுகள் வந்திறங்கின. பிரதமர் அவற்றோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் படகுகள் அவருடைய மச்சானின் கடற்கரை விடுதியில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரிந்தன. ஜூனியா இசபெல்லில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். மழைக்காலத்தில் மெலடி என்ற பெண், தலைப்பிள்ளை குறுக்கே திரும்பிக்கொண்டதில், துடுப்புப் போட்ட ஓடத்திலேயே ஜூனியாவின் மடியில் செத்துப்போனாள். அன்றைக்கே ஜூனியா கிளமென்டைப் போனில் கூப்பிட்டு, "அந்தாளு பக்கத்துல உக்காந்து இன்னும் எத்தனை நாளைக்குக் கை தட்டப்போற?" என்று கேட்டாள். அவன் கட்சி மாறியபோது ஊரே பெருமைப்பட்டது. அவளுக்குப் பெருமையோடு கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வாக்கெடுப்பின்போது நீ பக்கத்தில் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்று அவன்தான் வரச்சொல்லியிருந்தான். இப்போது வந்து நின்றவளைத் தோளில் தட்டினான். கண்ணைப் பார்க்கவில்லை. அடையைப் பிட்டு வாயில் போட்டவன் மென்றுகொண்டே இருந்தான், விழுங்குவதாகக் காணோம்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. அலுப்பு."

எதிர்க்கட்சித் தலைவர் மத்தாயஸ் எட்டிப் பார்த்தார். "வா தங்கச்சி! உன் புருசன் இங்க சாப்பிடறதும் இல்ல, தூங்கறதும் இல்ல. நீ வந்தாத்தான் சரியாவான்னு பாத்துக்கிட்டே இருந்தோம்." சொன்னது விளையாட்டுப்போலத்தான் இருந்தது. பார்வை மட்டும் கிளமென்டை எடைபோட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் வெற்றிலை பாக்கு வாங்கச் சந்தைக்குப் போன இடத்தில் பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பற்றியது. ரூட்டா. ஜூனியாவின் பெரியம்மா மகள், பிரதமர் அலுவலகத்தில் பெரிய வேலை. எந்தக் கல்யாணத்துக்கும் வராதவள், எந்த வம்பும் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

"ஏண்டி, ஊருக்குள்ள வந்தும் அக்கா வீட்டுக்கு வரல பாத்தியா? வா, வண்டியில உக்காந்து பேசுவோம். வெயில் மண்டையப் பொளக்குது."

கண்ணாடி கறுத்த வண்டி. கதவைச் சாத்தியதும் சந்தை இரைச்சல் அற்றுப்போனது. ரூட்டா தன் போனை எடுத்து, குழந்தையைக் காட்டுவதுபோல் பக்குவமாக நீட்டினாள்.

ஏதோ ஒரு அறைக் கட்டிலில் கிளமென்ட் மல்லாந்து கிடந்தான். மேலே சட்டை இல்லை. கட்டில் ஓரத்தில், துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூனியா நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவனேதான். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கும்போது அவனுக்கு அப்படித்தான் திறந்திருக்கும். மயக்க மருந்து கொடுத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். எல்லாம் முடிந்து அயர்ந்து தூங்கியிருந்தாலும் அப்படியேதான். படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"யார் எடுத்தது?"

"யாரோ அனுப்பினாங்க. நல்லவேளை, என் கைக்கு வந்துச்சு. சர் பாவம், உங்க குடும்பம் சந்தி சிரிக்கக் கூடாதுன்னு துடிக்கறார். நான் உன் நல்லதுக்குச் சொல்றேன். நாளைக்கு உன் புருசன் பார்லிமென்ட்டுக்கு வரலேன்னாப் போதும். அவங்களுக்கு எதிரா ஓட்டுக்கூடப் போட வேணாம். ஒரு காய்ச்சல். மனுசனுக்குக் காய்ச்சல் வராதா?"

"வராட்டி?"

ரூட்டா அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். "நீ படிச்சவ."

இரண்டு வெற்றிலைக் கட்டு வாங்கவேண்டியவள் ஒன்றும் வாங்காமலே ஹோட்டலுக்குத் திரும்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில், சமையல்கட்டுக்குப் பின்னாலிருந்த கடல் சுவரில் கிளமென்டும் அவளும் உட்கார்ந்தார்கள். தனியாக விடக்கூடாது என்பது ஏற்பாடு. அதனால் மாகிரா தீவின் கிழட்டு உறுப்பினர் ஹெசக்கியா சற்றுத் தள்ளிப் பாக்கை மென்றபடி கடலைப் பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று ஜூனியா யோசித்துக்கொண்டிருக்கும்போதே கிளமென்ட் தணிந்த குரலில் சொன்னான்:

"எனக்குக் காய்ச்சல் வர்ற மாதிரி இருக்கு ஜூனி."

ரூட்டா சொன்ன அதே காய்ச்சல். புறங்கையை அவன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் கையைவிட அவன் உடம்பு குளிர்ந்திருந்தது.

"உனக்கு ஒண்ணும் இல்ல."

"நாளைக்கு இருக்கும். மலேரியான்னு நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீ நர்ஸ். உன்னை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"அதுக்குத்தான் என்னைக் கூப்பிட்டியா?"

அவன் சுவரிலிருந்த பாசியை நகத்தால் சுரண்டினான். கப்பலில் வாந்தியெடுத்து வாந்தியெடுத்து வந்ததெல்லாம் அவளுக்கு நினைவு வந்தது. காலையில் பார்த்த படத்தைவிட இதுதான் அவளை அதிகம் சுட்டது.

"ரூட்டா என்கிட்டக் காட்டிட்டா," என்றாள்.

கிளமென்ட் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். கட்சி மாறிய வாரத்திலேயே ரூட்டாவின் ஆட்கள் சமாதானம் பேசக் கூப்பிட்டதாகச் சொன்னான். இரண்டு பியர்தான் குடித்தானாம். விழித்தபோது அந்த அறையில் கிடந்தானாம். பிறகு படத்தைக் காட்டிக் காய்ச்சலைக் கேட்டார்களாம்.

"அந்தப் பொண்ணு யாரு?"

"சத்தியமாத் தெரியாது."

"என்ன நடந்துச்சு?"

"தெரியல ஜூனி."

"தெரியலங்கறது ஒரு பதிலா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? ஞாபகம் இல்லாததுக்கு நான் எப்படி சாட்சி சொல்றது?" அவன் குரல் உயர்ந்தது. ஹெசக்கியா பாக்கைத் துப்பிவிட்டுக் கனைத்தார். கிளமென்ட் மீண்டும் குரலைத் தாழ்த்தினான். "ஹானா இங்கதான் ஸ்கூல்ல படிக்கறா. நெனச்சுப் பாரு. அவ போனுக்கும் இது போகும்."

மகள் பெயரைச் சொன்னதும் ஜூனியா எழுந்துவிட்டாள். அவன் மகளுக்காகப் பயப்படுகிறானா, மகளைக் காட்டித் தப்பிக்கிறானா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வியாழன் காலை, நாட்டுக்காகச் செபிக்கிறோம் என்று தாய்மார் சங்கத்துப் பெண்கள் தேவாலயப் புல்வெளியில் கூடியிருந்தார்கள். வெள்ளை ரவிக்கை, நீலப் பாவாடை. பாதிப்பேர் ஆளுங்கட்சி வீட்டுக்காரிகள், பாதிப்பேர் இந்தப் பக்கம். அதற்குமுன் ஜூனியா பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்டு ஹானாவை வெளியே அழைத்து, மரத்தடியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். பெண் அழுதாள். பிறகு, "நீயே சொல்லிடும்மா. அவங்க சொல்லி நான் கேக்கறதுக்கு இது தேவலை" என்றாள்.

செபம் முடிந்து சாட்சி சொல்லும் நேரம் வந்தது. ஜூனியா எழுந்து நின்றாள்.

"உங்க போனுக்கெல்லாம் ஒரு படம் வரும். என் புருசன் ஒரு பொண்ணோட இருக்கற மாதிரி. நான் பாத்துட்டேன். எம் பொண்ணுக்கும் சொல்லிட்டேன். அது நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. அது எங்க வீட்டுச் சண்டை, நாங்க போட்டுக்கறோம். ஆனா இன்னைக்கு ஓட்டுப் போடாம வீட்ல படுத்துக்கிட்டா இதை மறைக்கறோம்னு பிரதமர் ஆளு பேரம் பேசினாங்க. அது மட்டும் நெசம். எங்கிட்டயே பேசினாங்க."

சங்கத் தலைவி தொண்டையைச் செருமிக்கொண்டு, "படம் வந்தா அழிச்சிடுங்க. உத்துப் பாக்கறதும் பாவந்தான்" என்றாள். யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் எழுந்து வெளியே போனாள்.

அவள் ஹோட்டலை அடையும் முன்பே சேதி அங்கே போயிருந்தது. கிளமென்ட் அறை நடுவே நின்றான்.

"ஊர் முன்னால என்னை அம்மணமாக்கிட்டியே!"

"ஆமா. இனிமே உன்கிட்ட உருவறதுக்கு யாருக்கும் ஒண்ணும் இல்ல. போ. இப்பவும் காய்ச்சல்தான்னா படுத்துக்க. ஆனா அதை என் வாயால சொல்ல மாட்டேன்."

சபையில் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். மேல்மாடத்தில் உட்கார்ந்து ஜூனியா பிரதமரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளமென்ட் எழுந்து, "தீர்மானத்தை ஆதரிக்கிறேன்" என்றபோது சர் வில்பிரெட் தலையைக்கூடத் தூக்கவில்லை. எதிரே மத்தாயஸின் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். அப்படியும் பிரதமர் அமைதியாக இருந்தது அவளுக்குப் பிடிபடவில்லை. அடுத்தாற்போல் மாகிரா உறுப்பினர் பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்காலி காலியாக இருந்தது.

ஹெசக்கியாவுக்குத் திடீர்க் காய்ச்சல் என்று அறிவித்தார்கள். ஒரே ஓட்டில் தீர்மானம் தோற்றது.

அன்று மாலையே படம் எல்லோர் போனுக்கும் வந்தது. "இதான் அந்த அம்மா சொன்னதா?" என்று பார்த்தார்கள், சிரித்தார்கள், மறந்தார்கள். கிளமென்ட் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், அன்று புல்வெளியிலிருந்து சிரிக்காமல் எழுந்துபோன அந்தப் பெண் ஜூனியாவைத் தேடிக்கொண்டு வந்தாள். ஹெசக்கியாவின் மனைவி லோயிஸ்.

"உன் அக்காக்காரி எனக்கும் ஒண்ணு காட்டினாடி," என்றாள். "நான் வாயை மூடிக்கிட்டேன். நீ பேசினப்போ எனக்கு நெஞ்சே வெடிச்சிடும்போல ஆயிடுச்சு."

இருவருமாகப் பிஷப்பிடம் போனார்கள். லோயிஸும் சங்கத்தில் எழுந்து சொன்னாள். அடுத்த வாரம் மீன்வளத் துறை மந்திரியின் மனைவி சொன்னாள், அதற்கடுத்து இன்னொருத்தி. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. சர் வில்பிரெட் எதிரிகளை மட்டும் படம் பிடித்துவைக்கவில்லை, கூட இருந்தவர்களைத்தான் முதலில் பிடித்துவைத்திருக்கிறார். அத்தனை வருசம் அந்தக் கூட்டம் கலையாமல் இருந்த காரணம் அதுதான். பயம் விட்டுப்போனதும் மந்திரிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். மறு தீர்மானத்துக்குக் காத்திருக்காமல் சர் வில்பிரெட் ராஜினாமா செய்தார். மத்தாயஸ் பிரதமரானார். கிளமென்ட் சுகாதார மந்திரி.

பதவியேற்ற அன்று தோட்டத்தில் தேநீர் விருந்து. மத்தாயஸ் ஜூனியாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உன்னால வந்த அரசாங்கம் தங்கச்சி" என்றார். அவருக்குப் பின்னால், காதில் பூவோடு, கோப்பையை ஏந்திக்கொண்டு ரூட்டா நின்றாள்.

ஜூனியா அவளைத் தனியே இழுத்தாள். "அக்கா, அந்தப் படமெல்லாம் எங்க?"

"எந்தப் படம்டி?" ரூட்டா சிரித்தாள். "பழசையே பேசிக்கிட்டு."

கிளமென்ட் புதுக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான். "அவ எப்படி இங்க?" என்று அவள் கேட்டதற்கு, "அனுபவசாலி. எல்லாரையும் தெரிஞ்சவ. மத்தாயஸ்தான் வேணும்னார்" என்றான். சொல்லும்போது அவன் கண்கள் மறுபடியும் எங்கோ போயின.

"நான் நாளைக் கப்பல்ல ஊருக்குப் போறேன்."

"பதவி ஏத்த மறுநாளேவா? சனங்க என்ன நெனப்பாங்க?"

"நெனச்சிட்டுப் போறாங்க. முதல்ல படகுகளை அனுப்பு. அப்புறம் நீ வா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் வந்தாலும் வா, வராட்டியும் வா."

அவன் தலையாட்டினான். சரி என்கிறானா, சும்மா ஆட்டுகிறானா என்பது அவளுக்குத் தெரியவில்லை. மரத்தடியில் லோயிஸ் கேக்கைத் தின்றுகொண்டிருந்தாள். ஜூனியா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"லோயிஸ் அக்கா, இந்தப் புது மந்திரிங்க வீட்டுப் பொம்பளைங்கள உனக்குத் தெரியுமா?"

"பாதிப்பேரத் தெரியும். எதுக்கு?"

"மீதிப்பேரையும் பழகி வச்சுக்குவோம். இப்பவே ஆரம்பிக்கறது நல்லது."

லோயிஸ் கேக் துணுக்கைத் துடைத்துக்கொண்டு, ரூட்டா நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, "வா, அந்த மஞ்சச் சட்டை போட்டவகிட்டயிருந்து ஆரம்பிப்போம்" என்றாள்.