கரியனின் உறுமல்

கன்னத்தில் பதினாலு தையலோடு மாப்பிள்ளை வந்து வண்டியை நிறுத்தினான். பின்கதவைத் திறந்து, கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து, கரியன் என்கிற நாயைக் கொட்டகை வாசலில் காலால் தள்ளினான்.

"இந்தா மச்சான், உன் தங்கச்சியோட செல்லப்பிள்ளை. பத்து நாள் வச்சு அழகு பாரு. அப்புறம் ஊசிதான்."

கொட்டகைக்காரனை அந்த வட்டாரத்தில் ஒன்பதரை என்றுதான் கூப்பிடுவார்கள். இடது கை மோதிர விரலில் பாதி இல்லை. மிச்ச விரல்களைக் கூட்டிச் சொன்னால் ஒன்பதரை. பழைய டயர் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஏழு கம்பிக்கூண்டு போட்டு, கடிக்கிற நாயையும் நடுங்குகிற நாயையும் திருத்தி அனுப்புவது அவன் பிழைப்பு. "ரெண்டுக்கும் ஒரே வியாதிதான், பயம். ஒண்ணு பயந்து பின்னாடி ஓடும், ஒண்ணு பயந்து முன்னாடி ஓடும்" என்பான்.

ஆளைக் கடித்த நாயைப் பத்து நாள் அடைத்துவைத்துப் பார்க்கவேண்டும் என்று சட்டம். பத்தாம் நாள் கால்நடை டாக்டரம்மா வருவாள். ஆட்களோடு இருக்கத் தகும் என்று பட்டால் கையெழுத்து. படாவிட்டால் உயிரெடுக்கிற ஊசி. மாப்பிள்ளை ஊசிதான் கேட்டிருந்தான். தங்கச்சிதான் போனில் அழுது, நாயை அண்ணன் கொட்டகைக்கு வரவைத்தாள்.

"அவனும் போயிட்டா அந்த வீட்டுல நான் தனியாயிடுவேன்ணே."

பிள்ளை இல்லாதவள், நாயைப் பிள்ளையாக வளர்த்தவள், அதனால் சொல்கிறாள் என்று ஒன்பதரை நினைத்துக்கொண்டான்.

"கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுனானா மாப்ள?"

"இவனா? மூச்! நானே பழக்கினது. உறுமினா மூக்கு மேலயே ஒண்ணு வைப்பேன். மூணே மாசம், சத்தம் நின்னுபோச்சு. நீ என்னமோ பெரிய வாத்தியார்ங்கிறாங்க, என்கிட்ட வந்து கத்துக்க."

ஒன்பதரையும் ஒரு காலத்தில் அந்த வேலையைத்தான் செய்தான். உறுமுகிற நாயை அடித்து ஊமையாக்கி, "பாருங்க, பூனை மாதிரி ஆயிட்டான்" என்று மார்தட்டினான். அப்படி ஆக்கிய பூனை ஒன்றுதான் விரலைத் தின்றது. உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கிற தவணை. அதைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது பல் மட்டும்தான்.

இவ்வளவு தெரிந்தவன்தான் மூன்றாம் நாள் ஏமாந்தான்.

கொட்டகையில் ஒரு மரப்பெட்டி உண்டு. குடை, விளக்குமாறு, தொப்பி, பூட்ஸ், கைத்தடி, ஹெல்மெட், பெல்ட். எதைக் கண்டால் நாய் மிரள்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். கரியன் குடைக்கு அசையவில்லை. கைத்தடியை முகர்ந்துவிட்டுக் கொட்டாவி விட்டான். பெல்ட்டை எடுத்தபோது பக்கிள் 'கிளிங்' என்றது. கரியன் அப்படியே நின்றான். காது ஆடவில்லை, வால் ஆடவில்லை. சமர்த்து என்று நினைத்து ஒன்பதரை பெட்டிப் பக்கம் திரும்பினான்.

முன்கையில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பிறகுதான் பாரம் தெரிந்தது. முப்பது கிலோ நாய் அவன் கையில் தொங்கிக்கொண்டு தலையை உதறியது. சதை பிளக்கிற சத்தம் அவன் காதிலேயே விழுந்தது. இழுத்தால் கிழியும். பல்லைக் கடித்துக்கொண்டு, கையை இன்னும் உள்ளே, நாயின் தொண்டைக்குள் அழுத்தினான். ரத்தம் முழங்கை வழியாகச் சொட்டிச் சிமெண்டுத் தரையில் கோடு போட்டது. கரியன் விடவில்லை. மறு கையிலிருந்த பெல்ட் நழுவி விழுந்த பிறகுதான் விட்டான். விட்டதும் மூலைக்குப் போய், அடிக்குக் காத்திருக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நடுங்கினான்.

ஒன்பதரை கைக்குத் தையல் போட்டுக்கொண்டு வந்து, மறுநாளே வேலையை ஆரம்பித்தான். கம்பிக்கு வெளியே பத்தடி தள்ளி, பெல்ட்டோடு நிற்பான். நாயின் தொண்டையை மட்டும் பார்ப்பான். அங்கே இம்மி அசைவு தெரிந்தாலும் உடனே பெல்ட்டைக் கீழே போட்டு, இரண்டடி பின்னால் போய், இடுப்புப் பையிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்து வீசுவான். இவ்வளவுதான் பாடம். நீ சத்தம் காட்டு, நான் விலகுகிறேன். ஒரு நாளைக்கு நூறு தடவை, நூற்றைம்பது தடவை. அவனுக்கே கனவில் கால் பின்னால் போனது.

ஆறாம் நாள் காலையில் கரியன் தொண்டையில் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. நாயே திடுக்கிட்டு, அடி எங்கிருந்து வரப்போகிறது என்று சுற்றிப் பார்த்தது. அடி வரவில்லை, இறைச்சி வந்தது.

"அடேய், பேசிட்டடா!" என்று ஒன்பதரை தனியாக நின்று சிரித்தான்.

ஏழாம் நாள் தங்கச்சி வந்தாள். நாய் படுக்கப் பழைய போர்வை ஒன்று கொண்டுவந்தாள். அவளுக்கு உட்கார ஸ்டூல் போடுவதற்காக ஒன்பதரை மரப்பெட்டியை நகர்த்தினான். மேலே கிடந்த பெல்ட் சரிந்து, பக்கிள் தரையில் பட்டது. கிளிங்.

கூண்டுக்குள் கரியன் விறைத்தான். ஒன்பதரை அதைப் பார்க்கவில்லை. தங்கச்சியைத்தான் பார்த்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் தலையை மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். அவளிடமிருந்தும் சத்தமே வரவில்லை.

"பாப்பா."

"ஒண்ணுமில்லண்ணே. தூசி."

"கரியன் கடிச்ச அன்னைக்கு மாப்ள கையில என்ன இருந்துச்சு?"

அவள் பின்னங்கழுத்து முடியை ஒதுக்கினாள். சதுரமாக, பக்கிள் அளவுக்கு, பழுத்த காயம். அதற்குக் கீழே ஆறிப்போனவை வேறு.

"எத்தனை நாளா?"

"கல்யாணமாகி மூணாவது மாசத்துலேருந்து."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சத்தம் போட்டா இன்னும்ல விழும்."

ஒன்பதரைக்கு அப்போதே கத்தியோடு கிளம்பத் தோன்றியது. "முதல்ல கரியன் பொழைக்கட்டும்ணே" என்று அவள்தான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் பட்டப்பகலில் டாக்டரம்மா வந்தாள். மாப்பிள்ளை வந்தான். தங்கச்சி அவனுக்கு நாலடி பின்னால் வந்தாள். ஒன்பதரை நாய்க்குக் கடிக்க முடியாதபடி தோல் வாய்க்கூடை மாட்டி, கயிற்றைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். டாக்டரம்மா பக்கத்தில் வந்தாள், நாய் சும்மா நின்றது. முதுகைத் தொட்டாள், சும்மா நின்றது. மாப்பிள்ளை ஓரடி எடுத்துவைத்ததும் கரியன் தலையைத் தாழ்த்தி, கர்ர்ர் என்றான்.

"பார்த்தீங்களா டாக்டரம்மா? திமிர பாருங்க! போடுங்க ஊசிய."

"அது எச்சரிக்கை மாப்ள. தள்ளி நில்லு."

"எனக்கா எச்சரிக்கை?"

பேசிக்கொண்டே கை இடுப்புக்குப் போனது. உருவிய வேகத்தில் பெல்ட் நாயின் முகத்தில் விழுந்தது. வாய்க்கூடையின் வார் அறுந்து தெறித்தது. புருவம் கிழிந்தது. கரியன் வீலென்று கத்தினான். அடுத்த வீச்சை ஒன்பதரை கையால் பிடித்தான். பிடித்த பெல்ட்டைப் பிடுங்கினான். அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

முதல் அடியில் மாப்பிள்ளையின் தையல் பிரிந்து கன்னம் தொங்கியது. அடுத்ததில் உதடு பிளந்து பல் ஒன்று தரையில் உருண்டது. கீழே விழுந்தவனின் முதுகிலும் கழுத்திலும் பக்கிள் பக்கிளாக இறங்கியது. "இது பாப்பாவுக்கு! இது பாப்பாவுக்கு!" டாக்டரம்மா கத்தியது கேட்கவில்லை. கைத்தையல் பிரிந்து அவன் ரத்தமும் பெல்ட்டில் ஒழுகியது. மாப்பிள்ளையின் மண்டையைக் குறிவைத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டிப் பெல்ட்டை ஓங்கினான். விழுந்திருந்தால் உயிர் போயிருக்கும்.

கர்ர்ர்ர்.

பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம். ஒன்பதரை திரும்பினான். கரியன் பார்த்தது மாப்பிள்ளையை அல்ல, அவனைத்தான். நாய்க்குப் பின்னால் தங்கச்சி சுவரோடு சுவராக ஒட்டி, தலையை மூடிக்கொண்டு நின்றாள்.

ஒன்பதரையின் கை தானாகப் பெல்ட்டை விட்டது. கால் தானாக இரண்டடி பின்னால் போனது. ரத்தக்கை இடுப்புப் பையில் நுழைந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்து வீசியது. கரியன் உறுமலை நிறுத்தி, அதைத் தின்றான்.

டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கயிறு எங்க?"

கயிறு தரையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அறுந்த வாய்க்கூடை.

"கட்டும் இல்ல, கூடையும் இல்ல. அடிபட்டும் பாயாம உறுமிட்டு நின்னுச்சு." அவள் பேனாவைத் திறந்தாள். "நாயை ஆளுங்களோட விடலாம்னு எழுதறேன். உங்களை விடலாமான்னு போலீஸ்தான் சொல்லணும். பொறுப்பு யார் பேருல?"

மாப்பிள்ளை ரத்தத்தைத் துப்பிக்கொண்டு எழ முயன்றான். "என் வீட்டுக்குள்ள அது காலெடுத்து வைக்கக் கூடாது."

"வராது" என்றாள் தங்கச்சி. கையைத் தலையிலிருந்து இறக்கியிருந்தாள். "நானும் வரல."

"என்னடி சொன்ன?"

"வரலன்னு சொன்னேன்."

அவன் ஒரு முழங்காலை ஊன்றினான். கரியன் தலையைத் தாழ்த்தினான். மாப்பிள்ளை மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

டாக்டரம்மா நீட்டிய தாளில் தங்கச்சி தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணியது, ஆனாலும் முழுசாக எழுதினாள். பிறகு கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"வா பாப்பா" என்று ஒன்பதரை அவள் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினான். அந்தக் கையையும், சற்று முன் அது பெல்ட்டோடு ஓங்கியிருந்த உயரத்தையும் அவள் பார்த்தாள். ஓரடி விலகினாள்.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாண்ணே."

ஒன்பதரை இரண்டடி பின்னால் போய், குழாயைத் திறந்தான்.