பூசையில் வைத்த துவக்கு

துவக்குச் சத்தம் கேட்காத இடம் என்று சொல்லித்தான் எண்பத்தேழில் என்னையும் கைக்குழந்தையையும் வெள்ளைக்காரர் நாட்டு ஹவுன்ஸ்லோவுக்குக் கூப்பிட்டார் என் மனிசன் பரமேஸ்வரன். வந்து ஐந்தாம் வருஷம் அவரே ஒரு துவக்கோடு வாசலில் வந்து நின்றார். விமான நிலையத்தில் அவரோடு பெட்டி ஏற்றுகிற எட்வேட் பழக்கிவிட்ட வாத்து வேட்டைப் பழக்கம். அதுவும் பழங்காலத்துச் சாமான். வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தையும் ஈயச் சன்னத்தையும் கொட்டி, கம்பால் இடித்து இறுக்கி, பின்பக்கத்தில் நெருப்புப் பொறி கொடுக்கிற சின்னக் 'கேப்' ஒன்றையும் மாட்ட வேண்டும்.

வாத்துச் சுடுகிற காலம் தொடங்கினால் என் வீடு வீடாக இருக்காது. சனிக்கிழமை விடிய எட்வேட்டின் காரில் சதுப்பு நிலத்துக்குப் போவார். பின்னேரம் வந்து என் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்துக் குழலைக் கழுவுவார். கழுவாமல் விட்டால் மருந்துக் கரி ஒரே இரவில் இரும்பைத் தின்றுவிடுமாம். குசினி முழுக்கக் கூழ்முட்டை நாற்றம். என் பழைய சேலைகள் துண்டு துண்டாகக் குழலுக்குள் போய்க் கறுத்துத் திரும்பும். பிறகு எண்ணெய் பூச்சு. பிறகுதான் மேல் அறையில், பொலிஸ்காரர் வந்து ஆட்டிப் பார்த்துச் சரி சொன்ன இரும்பு அலுமாரிக்குள் பூட்டுவார்.

இது போதாதென்று பாடம் வேறு.

"முதல் கேப்பைக் கழட்ட வேணும். பிறகு கம்பை உள்ளுக்கை விட்டுப் பாக்க வேணும். கம்பிலை கீறின கோடு குழல் வாயோடை நிண்டால் வெறுந்துவக்கு. மேலை நிண்டால் உள்ளுக்கை மருந்து கிடக்கு."

சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் இதே கதைதான். கைக்குழந்தையாக வந்து அப்போது ஆறு வயதாகியிருந்த மகள் சுகிர்தா இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடுத்த வருஷம் சரஸ்வதி பூசை ஒரு சனிக்கிழமையில் வந்தது. நல்ல நாளும் பெருநாளுமாக வீட்டில் நில்லுங்கோ என்று சொன்னேன். கேட்டால்தானே! பின்னேரம் தெப்பலாக நனைந்து, வெறுங்கையோடு, முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் கும்பம் வைத்து, மகளின் புத்தகங்களையும் என் தையல் கத்தரிக்கோலையும் சாமிப் படத்துக்கு முன் அடுக்கியிருந்தேன். அவர் துவக்கின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்துக் கொண்டுவந்து புத்தகங்களுக்குப் பக்கத்தில் கிடத்தினார். சந்தனப் பொட்டும் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, அதைக் கொண்டுபோய் அலுமாரிக்குள்ளை பூட்டுங்கோ."

"ஆயுத பூசையிலை ஆயுதத்தை வைக்காமல் உம்மடை கத்தரிக்கோலையோ கும்பிடுறது? நாளைக்கு விடியத்தான் எடுப்பன். சாமிக்கு வைச்சதை இடையிலை எடுக்கப்படாது."

"விடியுமட்டும் வெளியிலை கிடக்கிறதோ? பூட்டித்தான் வைக்க வேணும் எண்டு பொலிஸ்காரர் சொன்னது மறந்துபோச்சோ?"

"சும்மா நச்சரியாதையும்."

பூசை நேரத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கற்பூரத்தைக் கொளுத்தி, மகளைக் கூப்பிட்டு விழுந்து கும்பிடச் சொன்னேன். அவள் தலை துவக்கின் வாய்க்கு நேரே கிடந்தது. நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"உதைக் கழுவினனீங்களோ? இண்டைக்கு நாத்தத்தையும் காணேல்லை."

"வெடி வைச்சால்தானே கழுவ! ஒரு வாத்தையும் கண்ணிலை காணேல்லை. விடிய நிரப்பினதோடை சரி, பிறகு..."

அவர் கண் துவக்குக்குப் போனது.

"விடிய நிரப்பினது இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

சாமிக்குக் காட்டிய கற்பூரத்தை யாரும் வாயால் ஊதுவதில்லை. நான் ஊதி அணைத்தேன். மகளைக் குசினிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

"கம்பை விட்டுக் காட்டுங்கோ."

"கேப்பைக் காருக்குள்ளையே கழட்டிப்போட்டன். வெடிக்காது."

"அப்ப கற்பூர நெருப்புக்குப் பக்கத்திலை ஏன் வைச்சனீங்கள்? காட்டுங்கோ எண்டுறன்!"

குழலை ஜன்னல் பக்கம் திருப்பிக் கம்பை இறக்கினார். டொக்கென்று நின்றது. கோடு குழல் வாய்க்கு மேலே நாலு விரல் உயரத்தில் நின்றது.

"அப்பா, கோடு மேலையோ?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சுகிர்தா கேட்டாள்.

அவர் கம்பை வெளியே இழுத்தெடுத்தார். நான் கும்பத்துத் தேங்காயையும் மாவிலையையும் எடுத்து நிலத்தில் வைத்தேன்.

"தவம், அது சாமிக்கு வைச்ச தண்ணி."

"பேசாமல் நிமிர்த்திப் பிடியுங்கோ."

பக்கவாட்டில் நின்று செம்புத் தண்ணீர் முழுவதையும் குழலுக்குள் ஊற்றினேன். நிரம்பி வழிந்து கார்ப்பெட்டும் புத்தகங்களும் நனைந்தன. நனைந்த மருந்தை இழுத்தெடுக்க எட்வேட்டுக்குப் போன் பண்ணினார். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"மழை அவசரத்திலை மறந்துபோனன், தவம். ஏசும். நல்லாய் ஏசும்."

நான் நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். ஊரில் ஆமிக்காரர் எங்கள் படலைக்குக் கொண்டுவந்த துவக்கெல்லாம் நிரப்பியவை என்று எனக்குத் தெரியும். இதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்வளவால் ஓடினேன். இங்கே நானே அவளைக் கூப்பிட்டு, நிரப்பிய துவக்கின் வாய்க்கு நேரே தலையை வைத்துக் கும்பிடச் சொல்லியிருக்கிறேன்.